மார்ஜார நியாயம்

வடமொழியில் பூனைக்கு 'மார்ஜாரம்' என்று ஒரு பெயர் உண்டு. துடைத்தல், சுத்தம் செய்தல் என்று பொருள்படும் ஒரு வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. சந்தியாவந்தனம் செய்கிறவர்கள் மந்திரம் சொல்லித் தலையில் நீர் தெளித்துக் கொள்வதற்கு 'மார்ஜனம்' என்று பெயர். அதுவும் அதே அடியிலிருந்து வந்ததுதான். ஓயாமல் தன்னைத் துடைத்துக் கொண்டிருக்கும் பிராணி என்பதால் பூனைக்கு இந்தப் பெயர் அமைந்திருக்கலாம் என்று அகராதி எழுதியவர்கள் கருதுகிறார்கள். சுத்தத்தையே பெயராகச் சுமக்கும் இந்த ஜீவன் வளர்கிற வீட்டுக்குள் காலடி வைத்ததும், சில சமயம் நாம் கைக்குட்டையைத் தேட வேண்டியிருக்கிறதே, அது ஏன்? அந்த நாற்றம் பூனையுடையதா, வீட்டுக்காரருடையதா?

கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்னைகள் இருக்க, பூனை நாற்றத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அவன் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களோடு நின்றுவிடுவதில்லை. கொல்லைப்புறத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவான். அன்பு விஷயத்திலும் அப்படிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பூனையை மடியில் வைத்துக்கொண்டு தடவிக் கொடுப்பது கூடத்து அன்பு. அதன் மலஜலத்தை யார் அள்ளுகிறார்கள் என்பது கொல்லைப்புறத்துச் சங்கதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

முதலில் பூனையின் பக்கத்து நியாயத்தைக் கேட்போம்.

பூனையின் நாக்கு அரம்போல் சொரசொரப்பாக இருக்கும். அதில் தொண்டையை நோக்கி வளைந்த நுண்ணிய முட்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ, அதே பொருளால் ஆனவை. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அந்த முட்களைக் கூர்ந்து ஆராய்ந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் கரண்டிபோல் ஒரு குழிவு இருப்பதைக் கண்டு சொன்னார்கள். அந்தக் குழிவு உமிழ்நீரை ஏந்திக்கொண்டு போய் ரோமத்தின் அடிவரை சேர்த்துவிடுகிறது. சீப்பும் தண்ணீரும் ஒரே கருவியில் அமைந்தது போல! விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைப் பூனை இந்தக் காரியத்திலேயே செலவிடுகிறது. ஆரோக்கியமான ஒரு பூனையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துப் பாருங்கள். வெயிலில் காய்ந்த துணியின் மணத்துக்கு மேல் ஒன்றும் இராது. வாரந்தோறும் அதைப் பிடித்து வாளியில் அமிழ்த்திச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிற அன்பர்கள், அது கேட்காத உபகாரத்தைத்தான் செய்கிறார்கள்.

மண்ணைப் பறித்து மலஜலத்தை மூடும் வழக்கமும் அதன் பிறவியோடு வந்தது. நம் வீட்டுப் பூனைகளின் முன்னோர் மேற்காசியாவின் காட்டுப் பூனைகள் என்பதை 2007-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று உறுதிப்படுத்தியது. சைப்ரஸ் தீவில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சமாதியில், மனிதன் ஒருவனுக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-இல் அகழ்வாராய்ச்சிக்காரர்கள் வெளியிட்டார்கள். அத்தனை காலத்து உறவு! ஆனாலும் பூனையின் உடம்பு இன்னும் அந்த வறண்ட நிலத்தை மறக்கவில்லை. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்ற அதன் சிறுநீரகம் சிறுநீரை மிகவும் செறிவாக்கி வெளியேற்றுகிறது. போதாததற்கு அதில் 'ஃபெலினின்' என்று கந்தகம் கலந்த ஒரு பொருளும் இருக்கிறது. வெளியே வந்து கிடக்கக் கிடக்க அது சிதைந்து, மூக்கைத் துளைக்கும் நெடியாக மாறுகிறது. காயடிக்கப்படாத கடுவன் பூனைகளிடம் அந்தப் பொருள் அதிகம். வாலை நிமிர்த்திக்கொண்டு சுவரில் பீச்சியடிக்கும் கடுவன், 'இது என் எல்லை' என்று மற்றப் பூனைகளுக்கு எழுதி ஒட்டுகிற விளம்பரம் அது. அந்த விளம்பரத்தை வாசிக்க வேண்டியவர்கள் நாம் இல்லை. நம் வீட்டுச் சுவர் அதற்கு இடமாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆக, இயற்கை ஒரு கையால் கடுமையான நெடியைக் கொடுத்தது; மறு கையால் அதை மூட மண்ணையும் கொடுத்தது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதைக் கலைத்தவர்கள் யார்?

நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசல் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதற்கப்பால் கிணற்றடி, கொல்லை. பூனை ஓட்டின் மேலாக வரும், எலியைப் பிடிக்கும், உறியில் பால் இருந்தால் அதையும் பார்த்துக் கொள்ளும். திட்டும் வாங்கும், மிச்சச் சோறும் வாங்கும். அதை யாரும் 'வளர்த்த'தாகச் சொல்ல முடியாது. அது வந்து போயிற்று. முருங்கை மரத்தடி மண்ணிலோ சாம்பல் மேட்டிலோ தன் காரியத்தை முடித்து மூடிவிட்டுப் போகும். வீட்டுக்காரருக்கு அதைப் பற்றித் தெரியவே தெரியாது.

இன்று அந்த வீடு இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு கூடம், துணி உலர்த்த ஒரு பால்கனி. தரை முழுவதும் வழவழக்கும் கல். மண் என்று சொல்ல, குரோட்டன்ஸ் வைத்த தொட்டியில் ஒரு பிடி இருக்கிறது. பூனை அதைத் தேடிப் போனால் அங்கும் அடி விழுகிறது. பூனை மாறவில்லை; அதைச் சுற்றியிருந்த வீடு மாறிவிட்டது.

வீட்டுக்குள்ளேயே பூனையை வைத்துக்கொள்ளும் வழக்கம் உலகில் பரவியதற்கு ஒரு சின்னச் சம்பவமும் காரணம் என்பார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் காசோபோலிஸ் என்ற ஊர். 1947-ஆம் வருஷக் குளிர்காலம். அங்கே எட் லோ என்ற இளைஞர் தம் தகப்பனாரின் தொழிலில் மரத்தூளும், எண்ணெயை உறிஞ்சும் ஒரு வகைக் களிமண்ணும் விற்று வந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் தம் பூனைக்குச் சாம்பல் போட்டு வைக்க, பூனை அந்தச் சாம்பற்காலோடு வீடெல்லாம் கோலம் போட்டுவிட்டது. வேறு ஏதாவது கொடுங்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். அவர் இந்தக் களிமண்ணைக் கொடுத்தார். அதுவே பின்னால் பையில் கட்டி விற்கும் பெரிய வியாபாரமாயிற்று. இன்று நம் ஊர்க் கடைகளிலும் 'லிட்டர்' என்ற பெயரில் அந்த மாதிரி மண் கிடைக்கிறது.

வியாபாரக் கதையாக இதைப் படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதற்குள் தர்மம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. களிமண் தட்டு வந்த பிறகு பூனை வெளியே போக வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. நாளடைவில் வெளியே போகும் உரிமையும் இல்லாமற் போயிற்று. விருந்தாளியாக வந்து போனது, கதவுக்குள் இருப்பதாக ஆயிற்று. மோட்டார் வண்டிகளும் நாய்களும் நிறைந்த தெருவிலிருந்து அதைக் காப்பாற்றுவதற்காகத்தான் கதவைச் சாத்துகிறோம். நல்ல காரியந்தான். ஆனால் கதவைச் சாத்தியவன் கதவுக்குள் நடப்பதற்கெல்லாம் பொறுப்பாளி. தானே மண் தேடிக்கொள்ள முடிகிற ஒரு ஜீவனிடமிருந்து மண்ணை எடுத்துக்கொண்டவன், மண் கொண்டுவந்து தரவும் கடமைப்பட்டவன். வளர்ப்பது என்ற சொல்லுக்கு அதன் பிறகு பாலூற்றுவது மட்டும் அர்த்தமாக இருக்க முடியாது.

இந்தக் கடமை பெரிய பாரமும் அல்ல. தினம் ஒரு வேளை, முடிந்தால் இரு வேளை, தட்டில் கிடப்பதை அள்ள வேண்டும். மண்ணை அவ்வப்போது முழுவதும் மாற்றி, தட்டைச் சாதாரணச் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி உலர்த்த வேண்டும். ஒரு பூனைக்கு ஒரு தட்டு, அதற்கு மேலும் ஒன்று என்பது மிருக வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. இரண்டு பூனை இருந்தால் மூன்று தட்டு. தட்டு பூனை திரும்பி நிற்கிற அளவுக்குப் பெரிதாக, அது சாப்பிடுகிற இடத்துக்கு எட்டியும், யாரும் ஓயாமல் நடக்காத மூலையிலும் இருக்க வேண்டும்.

இத்தனை எளிய காரியந்தான் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப் போடப்படுகிறது. வியாழக்கிழமைக்குள் தட்டு நிரம்பிவிடுகிறது. நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்குள்ள பிராணி அது. அந்தத் தட்டில் கால் வைக்க அருவருக்கிறது. கதவிடுக்கிலோ, துணி மூட்டையிலோ, சோபாவுக்குப் பின்னாலோ போய்விடுகிறது. உடனே, "சனியன், வீட்டையே நாற அடித்துவிட்டது!" என்று கூச்சல் எழுகிறது. அடியும் விழுகிறது. யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டில் சுத்தத்தில் பிடிவாதமாக இருந்தது பூனை ஒன்றுதான். அதற்குத்தான் தண்டனையும்!

சில வீடுகளில் கூச்சல் அத்தோடு நிற்பதில்லை. ஒருநாள் இரவு பூனையைக் கோணிப்பையில் போட்டுக் கட்டி, ஸ்கூட்டரில் கொண்டுபோய், மீன் மார்க்கெட் பக்கம் அவிழ்த்து விட்டுவிட்டு வருகிறார்கள். "அங்கே அதற்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை" என்று மனசைத் தேற்றிக்கொள்கிறார்கள். பிறந்தது முதல் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் படுத்திருந்த பூனைக்கு மீன் மார்க்கெட் எப்படிப்பட்ட இடம் என்பதை அவர்கள் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. ஒரு தட்டு மண்ணை மாற்ற மனமில்லாததால் ஒரு ஜீவனை நிர்க்கதியாக்கியிருக்கிறோம் என்ற எண்ணமும் பெரும்பாலும் எழுவதில்லை. நாற்றம் போய்விட்டதே என்ற நிம்மதியில் வீடு தூங்கிவிடுகிறது.

இன்னும் சிலர் இவ்வளவு தூரம் போவதில்லை. அவர்கள் வழி, நாற்றத்தை மூடி மறைப்பது. பினாயிலைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். மூலைக்கு மூலை பாச்சை உருண்டை போடுகிறார்கள். பூனையின் மேல் பவுடர் தூவி, செண்டும் அடிக்கிறார்கள். அழுக்கைப் போக்குவது வேறு, அழுக்கு இருப்பது நமக்குத் தெரியாமல் செய்துகொள்வது வேறு என்ற பேதம் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நம் கல்லீரல் முறித்துவிடுகிற சில விஷங்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. தலைவலிக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். பினாயிலும், பாச்சை உருண்டையும், சில வாசனைத் தைலங்களும் அதற்கு நஞ்சு. தரையில் நாம் ஊற்றியது அதன் பாதத்தில் ஒட்டுகிறது. உடம்பில் தூவியது ரோமத்தில் ஒட்டுகிறது. ரோமத்தில் ஒட்டியதெல்லாம் அந்த நாக்கின் வழியே உள்ளே போகிறது. நம் மூக்குக்காகப் பூசியதை அது தன் வயிற்றால் சுமக்கிறது. பிளீச்சிங் பவுடரும் உதவாது. சிறுநீரோடு அது சேர்ந்தால் எழும் வாயு நம் மூச்சுக்கே கெடுதல். தண்ணீர், சோப்பு, கொஞ்சம் வினிகர், வெயில், காற்று — பெரும்பாலான வீடுகளுக்கு இவை போதும். இவற்றுக்குத் தேவையானது காசைவிட, குனிந்து துடைக்கும் முதுகுதான்.

மூடி மறைப்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. நாற்றம் சில சமயம் ஒரு செய்தி. பூனைக்கு வாயில்லை, வயிறு வலிக்கிறது என்று சொல்ல அதனால் முடியாது. ஒழுங்காகத் தட்டில் போய்க் கொண்டிருந்த பூனை திடீரென்று தரையில் போக ஆரம்பித்தால், சிறுநீர்ப் பையில் கோளாறு இருக்கலாம். கடுவன் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டுநீர் வராமல் தவித்தால், அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்; தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. வாயில் துர்நாற்றம் வந்தால் ஈறோ சிறுநீரகமோ கெட்டிருக்கலாம். தன்னை நக்கிக் கொள்வதையே நிறுத்திவிட்ட பூனை, நோயாளி என்றோ, கிழமாகி மூட்டு வலியால் வளைய முடியாமல் போனது என்றோ அர்த்தம். ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் செய்திகள் எப்படிக் கிடைக்கும்?

பாரசீகப் பூனை என்று சடைசடையாக ரோமம் தொங்கும் ஜாதியை இப்போது பலர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். தன் நாக்கால் சிக்கெடுக்க முடியாத அத்தனை நீள ரோமத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உண்டாக்கியவன் மனிதன். ஆகவே தினமும் சீப்பு எடுத்து வாரிவிடும் கடனும் மனிதனுடையது. அழகை நாம் அனுபவித்துவிட்டு, சிக்கையும் அதில் தங்கும் அழுக்கையும் அதன் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

கருத்தடை விஷயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. கடுவனுக்கு அந்தச் சிகிச்சை செய்துவிட்டால் பெரும்பாலானவை சுவரில் பீச்சியடிப்பதை விட்டுவிடும். சிறுநீரின் நெடியும் தணியும். "ஒரு ஜீவனின் சுபாவத்தையே நம் சௌகரியத்துக்காக அறுத்தெறிவது பாவமில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் கத்தியை எடுப்பது சரியல்ல. என் பதில் இது: அதைச் செய்யாத வீடுகளில் வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்றுக் குட்டிகள் குப்பைத் தொட்டியருகே கிடக்கின்றன, கடுவன்கள் சண்டையிட்டுப் புண்ணாகித் திரிகின்றன. இரண்டு தீமைகளில் சிறியதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதைச் சிறிய நன்மை என்று நினைத்துக்கொள்ளாமல், பூனையிடம் பட்ட கடன் என்று வைத்துக்கொண்டால், மற்ற வேளைகளில் அதனிடம் நம் கை கொஞ்சம் மென்மையாக இருக்கும்.

இனி, இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். மத்தியதரக் குடும்பங்களில் பூனையிடம் பிரியம் ஒருவருக்கு, துடைப்பம் இன்னொருவருக்கு என்று வேலை பிரிந்து கிடக்கிறது. பூனையோடு படம் எடுத்துக்கொண்டு நண்பர்களுக்குக் காட்டுகிறவர் பிள்ளை. தட்டை அள்ளுகிறவள் தாயார். அல்லது மருமகள். அல்லது, எல்லாருக்கும் சௌகரியமாக, வீட்டு வேலைக்கு வரும் அம்மாள். அவளை வேலைக்கு அமர்த்தியபோது பாத்திரம், பெருக்குதல், துணி என்று பேசி முடித்தார்கள். பூனை அப்புறம் வந்தது. அதன் மலஜலத்தை அள்ளுவதற்குச் சம்மதமா என்று அவளை யாராவது கேட்டார்களா? அதற்கென்று நாலு காசு கூட்டிக் கொடுத்தார்களா? ஒரு ஜோடிக் கையுறையாவது வாங்கி வைத்தார்களா?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில பூனைகளின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் வெளிப்படுவதுண்டு. வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாள் வரை ஆன பிறகுதான் அது பிறருக்குத் தொற்றும் நிலையை அடைகிறது. அதனால்தான் அன்றாடம் அள்ளுவது அவ்வளவு அவசியம். கர்ப்பிணிக்கு அது தொற்றினால் வயிற்றிலுள்ள சிசுவுக்குக் கேடு வரலாம். ஆகவே வீட்டில் மருமகள் கர்ப்பமாயிருந்தால், "பூனைத் தட்டைத் தொடாதே" என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். வீட்டாரும் கவலையோடு அந்தப் பொறுப்பை வேலைக்கார அம்மாளிடம் மாற்றிவிடுகிறார்கள். அவளும் இளம் வயசுக்காரிதான், அவளும் கர்ப்பமாயிருக்கலாம். அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. பூனையிடம் காட்டிய கருணை, பூனைக்கும் மனுஷிக்கும் நடுவே எங்கேயோ ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. வாயில்லாப் பிராணியிடம் அன்பு காட்டுகிறோம் என்ற பெருமிதத்தில், வாய் இருந்தும் பேச முடியாதவளை மறந்துவிடுகிற அன்பை நான் முழு அன்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"சரி, பூனை மேல் இவ்வளவு தர்ம விசாரணை எதற்கு? பிடிக்காதவர்கள் வளர்க்காமலே இருந்துவிட்டால் போயிற்று" என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான், வளர்க்காமல் இருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. முடியாதென்று தெரிந்து விலகி நிற்பவரிடம் எனக்கு மரியாதையே உண்டு. ஆனால் வாழ்க்கை எல்லா இடத்திலும் அப்படி விலகி நிற்க இடம் தருவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காலத்தில் குழந்தையின் ஈரத்துணி இருக்கும். ஒரு காலத்தில் கட்டிலோடு கிடக்கும் தகப்பனாரோ தாயாரோ இருப்பார்கள். அவர்கள் படுக்கையை மாற்ற வேண்டியிருக்கும். அப்போது அறைக்கு வெளியே நின்று, "எப்படி இருக்கிறீர்கள், அப்பா?" என்று விசாரித்துவிட்டுப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், உள்ளே போய்ப் படுக்கையை மாற்றிவிட்டுப் பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பூனையும் தகப்பனாரும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. கை ஒன்றுதான் என்று சொல்ல வருகிறேன். அருவருப்பைத் தாண்டிப் போகப் பழகிய கை எங்கும் போகும். நாற்றம் வந்ததும் பிறரைக் கூப்பிட்டே பழகிய கை, அன்றைக்கும் பிறரைத்தான் கூப்பிடும். வீட்டில் ஒரு பத்து வயசுப் பையன், "எனக்குப் பூனை வேண்டும்" என்று கேட்டால், தட்டையும் கரண்டியையும் அவன் கையில் கொடுப்பதே அவனுக்குச் செய்யும் பெரிய உபகாரம். அள்ளி முடித்துச் சோப்புப் போட்டுக் கை கழுவவும் கற்றுக் கொடுத்தால், பள்ளிக்கூடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தை அவன் கற்றுக் கொண்டுவிடுவான்.

வைஷ்ணவர்களிடையே ஒரு பழைய விவகாரம் உண்டு. பகவான் ஜீவனைக் காப்பது எப்படி? குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். அது மர்க்கட நியாயம் என்றார்கள் வடகலையார். பூனைக்குட்டி ஒன்றுமே செய்ய வேண்டாம். தாயே அதைக் கவ்விக்கொண்டு போகும். அதுதான் மார்ஜார நியாயம் என்றார்கள் தென்கலையார். தத்துவத்தில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் அருகன் அல்லேன். ஆனால் அந்த உவமையில் வரும் தாய்ப்பூனையைக் கொஞ்சம் முன்னதாகவே கவனித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

பிறந்து முதல் மூன்று வாரம் வரையில் பூனைக்குட்டியால் தானாக மலஜலம் கழிக்க முடியாது. தாய் அதன் அடிவயிற்றை நாக்கால் நக்கிக் கொடுத்தால்தான் கழிவு வெளிப்படும். வெளிப்பட்டதைத் தாயே விழுங்கிவிடும். நாலு குட்டி, ஐந்து குட்டி கிடக்கிற அந்தப் பழைய பெட்டியில் நாற்றமே இராது; பகைப் பிராணிகள் மோப்பம் பிடித்து வரவும் வழியில்லை. குட்டியைக் கவ்விச் சுமக்கிற வாய்தான் அதன் அழுக்கையும் ஏற்றுக்கொண்ட வாய். முன்னதைச் செய்ய ஆசைப்படுகிறவன் பின்னதற்கும் சம்மதித்தாக வேண்டும். நம்மிடம் அவ்வளவு கடுமையான தியாகத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு கரண்டியும் ஒரு தட்டும் காலை வேளையில் ஐந்து நிமிஷமும்தான்.

ஆகவே பூனை வளர்க்க நினைக்கும் அன்பர்கள், அதன் கண்ணழகையும் ரோமத்தின் நிறத்தையும் பார்ப்பதற்கு முன்னால், நாளைக் காலையில் அந்தத் தட்டை அள்ளப் போகிறவர் யார் என்று வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளட்டும். வேலைக்கார அம்மாளின் பெயர் அடிபட்டால், அவளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டே பேசட்டும். அந்தப் பேச்சு ஒழுங்காக முடிந்த வீட்டுக்கு மார்ஜாரம் தாராளமாக வரலாம். தன் பங்குச் சுத்தத்தை அது பார்த்துக்கொள்ளும்.